கூடப்பிறக்காத அண்ணன்

எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயர் பெரியவர். கூட இருப்பவர் சின்னவர். பிறந்தபோது வைத்த பெயர்கள் இரண்டு பேருக்கும் உண்டுதான். ஆனால் தபால்காரரைத் தவிர வேறு யாரும் அவற்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. பெரியவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சின்னவர் பல் செட் செய்கிறவர். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் முன்னறையில் விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு அதற்கேற்ற பல்வரிசையைச் செய்து கொடுப்பார். பெரியவர் வாயில் இருப்பதும் சின்னவர் கைவேலைதான். அந்தப் பல்லோடு அவர் சிரித்தால் பத்து வயது குறைந்த மாதிரி இருக்கும். மனிதர் சிரித்தால்தானே?

நான் எதிர் வீடு. பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறவள். எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அந்த நீள வாயால் எத்தனை பேருக்குக் காரியம் ஆகியிருக்கிறது என்று அவர்களுக்கே தெரியும். பெரியவரைப் பற்றி நான் சொல்லப்போவதில் பாதி என் கண்ணால் பார்த்தது. மீதி, அவரே ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது.

இளம் வயதில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு தட்டு நிறையப் பல்லை வைத்துக்கொண்டு வியர்த்து விறுவிறுத்து நின்றவர் சின்னவர். கதவை நெம்பித் திறந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டவர் பெரியவர். "முதல்ல பல்லைப் பிடிங்க, அப்புறம் என்னைப் பிடிங்க" என்றாராம் சின்னவர். அதைச் சொல்லும்போது மட்டும் பெரியவர் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வரும்.

கொஞ்ச நாளில் சேர்ந்து வீடு தேடினார்கள். இரண்டு ஆண்பிள்ளைகள், கல்யாணம் ஆகவில்லை, உறவும் இல்லை என்றால் யார் வீடு கொடுப்பார்கள்? நாலைந்து இடத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த வீட்டில் அந்த வீட்டுக்காரம்மா, "நீங்க ரெண்டு பேரும் யாரு?" என்று கேட்டதும் சின்னவர் யோசிக்காமல், "அண்ணன் தம்பிங்க. இவர்தான் மூத்தவர்" என்று சொல்லிவிட்டார். உண்மையில் வயதில் மூத்தவர் சின்னவர்தான். பெரியவர் உயரம், அதோடு அப்போதே காதோரம் நரைத்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னது வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டது.

பொய் சொல்லியாயிற்று, அதற்குக் கை கால் வைக்க வேண்டுமே. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு குடும்பத்தையே கட்டினார்கள். அப்பாவுக்கு மாரடைப்பு. அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். பிள்ளைகள் இவர்கள் இரண்டே பேர். சின்னவருக்கு நிஜத்தில் ஒரு தங்கை இருந்தாள். சிறு வயதிலேயே இறந்துபோனவள். அவளைக் கதையில் சேர்க்கலாமா என்று பெரியவர் கேட்டபோது, "வேணாம், எங்க கட்டிக் குடுத்திருக்கீங்கன்னு கேப்பாங்க. செத்துட்டான்னு சொன்னா எப்படின்னு கேப்பாங்க. விட்டுடு" என்றாராம் சின்னவர். விட்டுவிட்டார்கள்.

ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கும் பதில் தயார். அண்ணனுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. அண்ணன் இருக்கும்போது தம்பி முந்திக்கொள்ள முடியுமா? எவ்வளவு பொருத்தமான பொய் பாருங்கள். பழி மொத்தமும் பெரியவர் தலையில். "உங்களால அந்தப் பையன் வாழ்க்கையும் வீணாப் போச்சு" என்று எங்கள் குடியிருப்புப் பெண்கள் அவரை முகத்துக்கு நேரே திட்டியிருக்கிறோம். நான் ஒருபடி மேலே போய், கணவனை இழந்த என் சித்தி மகளை அவருக்குக் கட்டிவைக்கப் பார்த்தேன். போட்டோவைக் கையில் கொடுத்தேன். மனிதர் அதை வாங்கவும் முடியாமல் திருப்பித் தரவும் முடியாமல் நெளிந்த நெளிப்பு இருக்கிறதே, அடடா.

பிறகு ஒரு நாள் அவர்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து படியெல்லாம் ஓடியது. இரண்டு பேரும் வெளியே போயிருந்தார்கள். அவசரத்துக்கு என்று ஒரு சாவி என்னிடம் உண்டு. உள்ளே போய்க் குழாயை மூடிவிட்டு, துடைப்பத்தைத் தேடிக்கொண்டு இரண்டாவது அறைக் கதவைத் திறந்தேன். தம்பியின் அறை என்று சொல்லிக்கொண்ட அறை அது. கட்டில் முழுக்க, டாக்டர்கள் அனுப்பிய அச்சில் வெள்ளைச் சாந்து ஊற்றிச் செய்த தாடைகள். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, மேல்தாடை, கீழ்த்தாடை, பல் இருப்பது, இல்லாதது, எல்லாவற்றின் மேலும் தூசி. அதில் ஒரு பூனைகூடப் படுத்திருக்க முடியாது. சித்தி மகளின் போட்டோ ஞாபகத்துக்கு வந்தது. காது சூடாகிவிட்டது. தரையைத் துடைத்துவிட்டு, அந்தக் கதவை இருந்தபடியே சாத்திவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நீள வாய்க்காரி என்கிறார்களே, இது ஒன்று அந்த வாயிலிருந்து வரவே இல்லை.

பெரியவர் கூச்சத்திலேயே வாழ்ந்த மனிதர். தெருவில் இரண்டு பேரும் சேர்ந்து நடக்க மாட்டார்கள். இவர் பத்தடி பின்னால்தான் வருவார். துணி காயப்போட்டால் தன் துண்டுக்கும் சின்னவர் துண்டுக்கும் நடுவே ஒரு போர்வையைத் தொங்கவிடுவார். துண்டும் துண்டும் பக்கத்தில் தொங்கினால் ஊருக்கு என்ன தெரிந்துவிடும்? அவருக்குத் தெரிந்துவிடும் என்று பயம். யாராவது கதவைத் தட்டினால் முதலில் முகம் சிவக்கும், பிறகுதான் யார் என்று கேட்பார். சின்னவர் அப்படி இல்லை. "நீ இப்படிப் பயந்து பயந்து பார்க்கிறதுலதான் அவங்களுக்குச் சந்தேகமே வரும்" என்று கிண்டல் செய்வார். பெரியவர் செருப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

டாக்டர் என்றால் இருவருக்கும் ஆகாது. அதற்குக் காரணம் ஊசி பயம் என்று நான் நினைத்தேன். அது இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அடையாள அட்டையைக் கேட்பார்கள். ஒரு அட்டையில் ஒரு அப்பா பெயர், மற்றதில் வேறு அப்பா பெயர். தம்பி அண்ணனைவிட மூத்தவர். அதனால் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவர் தனியாகத்தான் போக வேண்டும். பெரியவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனபோது, ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் தனியாகப் போய்ப் படுத்தார். சின்னவர் ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. எதிரே பஸ் நிறுத்தத்தில் பகலெல்லாம் உட்கார்ந்து, மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அது குழாய் உடைவதற்கு முந்தின கதை. விஷயம் தெரியாமல், "கூடப்பிறந்த அண்ணன் கிடக்கிறார், எட்டிப் பார்க்க மனசு வரலையா உங்களுக்கு?" என்று நான் படிக்கட்டில் வைத்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "தப்புதாம்மா" என்று மட்டும் சொன்னார்.

சின்னவருக்கு வயிற்று வலி ஆரம்பித்தபோதும் அதே கதைதான். வாயுத் தொல்லை என்றார். என் பேக்கரி ரஸ்க்கைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டே மாதக்கணக்கில் ஓட்டினார். கண் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. "டாக்டர்கிட்ட போங்கண்ணே" என்று நான் சொன்னதுக்கெல்லாம், "போகலாம் போகலாம்" என்று பெரியவர்தான் பதில் சொன்னார். போகலாம் என்கிற ஆள் செருப்பை மாட்டவே இல்லை.

ஒரு காலையில் என் கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். திறந்தால் பெரியவர். பல் செட்டைக்கூட மாட்டாமல் ஓடி வந்திருக்கிறார், வாய் குழிந்துபோயிருந்தது.

"அவனால நிமிர முடியலைம்மா. உடம்பு கொதிக்குது."

பேக்கரி வேன் கீழேதான் நின்றது. டிரைவரை அதட்டி, பன் தட்டுகளை நடைபாதையில் இறக்கச் சொல்லி, சின்னவரை உள்ளே படுக்க வைத்தோம். வழியெல்லாம் பெரியவர் அவர் தலையை மடியில் வைத்திருந்தார். ஆஸ்பத்திரி வாசல் தெரிந்ததும் தலையை மெதுவாகத் தூக்கி மடித்த சாக்கு ஒன்றின் மேல் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன்.

பித்தப்பை சீழ் பிடித்து வெடிக்கும் நிலையில் இருக்கிறது, உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார் அறுவை டாக்டர். வலிக்கு ஊசி போட்டதில் சின்னவர் பாதி மயக்கத்தில் கிடந்தார். அவரால் கையெழுத்துப் போட முடியவில்லை. "கூட வந்தவர் யாரு?" என்றார்கள். "அண்ணன்" என்று படிவத்தில் எழுதிப் பெரியவர் கையெழுத்துப் போட்டார். அவசரத்தில் அடையாள அட்டையை யாரும் கேட்கவில்லை. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார்கள். பிறகு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா வந்தார். கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, நின்றபடியே கேட்டார்.

"குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து குடுத்து ஏதாவது சிக்கல் ஆச்சா? அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க?"

"நாங்க ரெண்டே பேர்தாங்க. அப்பா மாரடைப்புல போயிட்டார். அம்மா தூக்கத்துல போயிட்டாங்க."

"உங்களுக்கு ஆபரேஷன் ஏதாவது?"

"குடலிறக்கத்துக்கு ஆச்சுங்க. முழு மயக்கம் குடுத்துதான் செஞ்சாங்க. ஒண்ணும் ஆகலை."

"நல்லது. கூடப்பிறந்த அண்ணனுக்கே ஒத்துக்கிட்டிருக்கு."

டாக்டரம்மா போய்விட்டார். தடுமாறாமல் சொல்லிவிட்டோம் என்று பெரியவருக்கு ஒரு நிம்மதி. வழக்கமாகக் கேள்வி வந்தால் வேர்க்கும், அன்று வேர்க்கவில்லை. நானும் சும்மா இருக்காமல், ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "பயப்படாதீங்கண்ணே. ஒரே ரத்தம். உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா அவருக்கும் ஆகாது. அதைத்தான் அந்தம்மா கேட்டுட்டுப் போறாங்க" என்றேன்.

ஒரே ரத்தம் இல்லை என்று எனக்குத் தெரியுமே! தெரிந்தும் சொன்னேன். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அது பழகிப்போயிருந்தது. ஆனால் பெரியவருக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்தார். உட்கார்ந்தார். கழுத்து அட்டையைப் பிடித்துத் திருகினார்.

"ஏம்மா, டாக்டர்கிட்ட சொன்னதை மாத்திச் சொன்னா ஏதாவது சொல்வாங்களா?"

"எதை மாத்தணும்?"

"ஒண்ணுமில்ல."

அவருக்கு அந்தத் தங்கை ஞாபகம் வந்துவிட்டது. சேர்ந்து இருக்க ஆரம்பித்த புதிதில் ஒரே ஒரு தடவை சின்னவர் சொல்லியிருக்கிறார். தொண்டைச் சதை எடுக்கக் கூட்டிக்கொண்டு போன குழந்தை. மயக்கம் கொடுத்ததும் உடம்பு விறைத்து, அனலாகக் கொதித்து, மேசையிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. கதையில் வேண்டாம் என்று விட்டுவிட்ட குழந்தையை, டாக்டர் கேட்டபோதும் பெரியவர் விட்டுவிட்டார். கதையையே சொல்லிச் சொல்லி, அவர் மனதிலும் அந்த வீட்டில் இரண்டே பிள்ளைகள்தான் இருந்திருக்கிறார்கள்.

அவர் உடனே எழுந்து போய்ச் சொல்லிவிடவில்லை. என்ன யோசித்தார் தெரியுமா? சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். ஒன்றும் ஆகாமலும் போகலாமே, இவ்வளவு வருஷம் காப்பாற்றியதை ஏன் கெடுக்க வேண்டும் என்று யோசித்தார். அவரே என்னிடம் சொன்னார். "என் மானம் பெருசா, அவன் உசுரு பெருசான்னு உக்காந்து தராசுல வச்சுப் பார்த்தேம்மா. அப்படிப் பார்த்தவன் மனுஷனா?" என்றார்.

சின்னவரைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே கொண்டுவந்தார்கள். கண் மூடியிருந்தது. கூட அறுவை டாக்டர், டாக்டரம்மா, இரண்டு நர்சுகள். பெரியவர் எழுந்து போய் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் முழு உண்மையைச் சொல்லவில்லை. பொய்யில் ஒரு ஒட்டுப் போட்டுச் சமாளிக்கப் பார்த்தார்.

"டாக்டர், ஒரு தங்கச்சி இருந்தா. சொல்ல விட்டுட்டேன்."

"ரெண்டே பேர்னு சொன்னீங்க?"

"சின்ன வயசுல போயிட்டா. தொண்டைச் சதை ஆபரேஷன்ல. மயக்கம் குடுத்ததும் உடம்பு கட்டை மாதிரி விறைச்சு, நெருப்பா கொதிச்சுதாம்."

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டினார். "மயக்க வாயு சில குடும்பங்களுக்கு ஆகாது. பரம்பரையா வரும். இது அதுவா இருக்கலாம். வாயு இல்லாம வேற மருந்துல செய்யலாம். ஆனா மெஷினைச் சுத்தம் பண்ணணும், மருந்தைப் பக்கத்துக் கட்டடத்துலேர்ந்து கொண்டு வரணும். அதுவரைக்கும் இவர் தாங்கணும்."

அறுவை டாக்டருக்குப் பொறுமை இல்லை. "எப்பவோ நடந்தது, நேர்ல பார்த்தவங்க யாரும் இல்ல. இதோ நிக்கிறார் கூடப்பிறந்த அண்ணன், இவருக்கு ஒண்ணும் ஆகலை. ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

டாக்டரம்மா பெரியவரைப் பார்த்தார். அந்த வராந்தாவில் இருந்த எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம். கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்துபோனார்.

"என்னைக் கணக்குல சேர்க்காதீங்க" என்றார். பல் இல்லாத வாயில் வார்த்தை குழறியது. "நான் இவன் அண்ணன் இல்ல."

"என்னது?"

"அண்ணன் இல்லீங்க. எங்க ரெண்டு பேருக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது."

"அப்ப நீங்க இவருக்கு என்ன வேணும்?"

பெரியவர் வாயைத் திறந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நர்சுகளைப் பார்த்தார்.

"குடியிருக்கேன்" என்றார். "அதே வீட்டுல... சும்மா, கூடக் குடியிருக்கேன்."

டாக்டரம்மா அதற்குமேல் கிண்டவில்லை. "வாயு வேண்டாம். மெஷினை மாத்துங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். பெரியவர் போட்ட கையெழுத்து இனிச் செல்லாது. வேறு சொந்தத்தைத் தேட நேரமில்லாததால் டாக்டர்கள் இருவரும் தாங்களே கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். வண்டி உள்ளே போனது. ஒரு நர்ஸ் மட்டும் திரும்பி வந்து, பெரியவர் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினார்.

"இது உறவுக்காரங்களுக்குத்தாங்க. சொந்தம் யாராவது இருந்தா வரச் சொல்லுங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "உயிரைக் காப்பாத்தினது யாரு, உங்க சொந்தமா?" என்று ஆரம்பித்தேன். பெரியவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "விடும்மா. கத்தாத. எல்லாரும் பார்க்கிறாங்க" என்றார். அப்போதும் அவருக்கு அந்தக் கவலைதான்.

கதவு மூடிய பிறகு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் சொன்னார். லிஃப்ட், வீட்டுக்காரம்மா, தங்கை, பஸ் நிறுத்தம், எல்லாம். ஒரு தடவைகூட நிமிரவில்லை. கடைசியில், "இனிமே நீ எங்க வீட்டுப் பக்கம் வர மாட்ட" என்றார்.

"அண்ணே, உங்க வீட்டுக் குழாய் உடைஞ்ச அன்னிலேர்ந்து எனக்குத் தெரியும்."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "தெரிஞ்சேதானா பிரெட் குடுத்துட்டு இருந்த?"

"ஏன், தெரிஞ்சா பிரெட் புளிச்சுப் போயிடுமா?"

சிரிப்பார் என்று நினைத்தேன். இல்லை, இன்னும் கூனிக் குறுகிப்போனார். தெரிந்தவள் முன்னால் இத்தனை வருஷம் நடித்திருக்கிறோமே என்று அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. "தம்பி ரூம்ல தூங்குறான்னு உன்கிட்ட சொல்லுவேனே", "அந்தப் போட்டோவை நீ காட்டினப்ப யோசிச்சுச் சொல்றேன்னேனே" என்று முனகிக்கொண்டே இருந்தார். போட்டோ காட்டியது எனக்கு விவரம் தெரியுமுன் என்று சொன்னேன். காதில் ஏறவே இல்லை. ஆறுதல் சொல்லப் போய் அவரை இன்னும் நோகடித்துவிட்டேன் என்று எனக்கும் வெட்கமாகிவிட்டது.

டாக்டரம்மா வெளியே வந்ததும் பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நல்லா இருக்கார். வேற மருந்துலதான் செஞ்சோம். வாயு குடுத்திருந்தா ஆகியிருக்குமோ ஆகியிருக்காதோ, அதை இவர்கிட்ட சோதிச்சுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல. நல்லவேளை, சொன்னீங்க."

பெரியவர் கும்பிட்டார். உள்ளே விடச் சொல்லிக் கேட்கவில்லை. அன்று பகல் முழுக்க வெளியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் போய் அவர் பல் செட்டை எடுத்து வந்து கொடுத்தேன்; மாட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மதியம் சின்னவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே வேறு நர்ஸ். வயதில் மூத்தவர், வேலையில் கறார். "பேஷண்ட் அண்ணனைக் கேக்கிறார். யாரு அண்ணன்?" என்று வாசலில் வந்து கேட்டார். பெரியவர் அசையவில்லை. நான்தான் அவரை முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினேன்.

சின்னவர் வெளுத்துக் கிடந்தார். மூக்கில் குழாய், கையில் ஊசி. ஆனால் கண்ணில் மஞ்சள் குறைந்திருந்தது. பெரியவர் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றார்.

"வலிக்குதா?"

"கிட்ட வா. கத்த முடியலை."

பெரியவர் கொஞ்சம் நகர்ந்தார். "மன்னிச்சுக்கோ. உன்னைக் கேக்காம எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அண்ணன் இல்லன்னு சொல்லிட்டேன். உன் மானத்தையும் சேர்த்து வாங்கிட்டேன்."

"தெரியும். காதுல விழுந்துச்சு."

"நீ மயக்கத்துல இருந்தியே?"

"கண்ணைத்தான் திறக்க முடியலை." சின்னவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அண்ணன் இல்லன்னு நீ சொன்னதும் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லன்னு தோணுச்சு. அவங்க உன்னை என்ன வேணும்னு கேட்டாங்க. நீ என்ன சொல்லப் போறேன்னு காத்துட்டு இருந்தேன். அதைக் கேட்டுட்டு உள்ள போலாம்னு இருந்தேன்."

பெரியவர் முகத்தை நான் அப்போது பார்த்திருக்கக் கூடாது. திரும்பிப் போய்விடலாம் என்றால் கால் வரவில்லை.

"குடியிருக்கேன்னு சொன்ன" என்றார் சின்னவர். குரலில் கோபம்கூட இல்லை. "சும்மா குடியிருக்கேன்னு சொன்ன."

பெரியவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் இல்லை என்று சொன்னபோது இருந்த தைரியம், அதற்கு அடுத்த வார்த்தைக்கு இல்லாமல் போனது அவருக்கே விளங்கவில்லை என்று அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கண்ணீர் மூக்கு நுனி வரை வந்து சொட்டியது. துடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் உள்ளே வந்தார். சொட்டு மருந்தைச் சரிபார்த்துக்கொண்டே கேட்டார்.

"கூட யாரு இருக்கப் போறது? நீங்களா? இவருக்கு நீங்க என்ன வேணும்?"

சின்னவர் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் இல்லை அது. பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர், அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த மகள், ஜன்னலோரம் இன்னும் இரண்டு பேர். அத்தனை பேரும் கேட்கிற தூரத்தில்தான் இருந்தார்கள். எனக்கே நாக்கு துறுதுறுத்தது. நான் சொல்லிவிடலாம் என்று ஒரு எட்டு வைத்தேன். பெரியவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

சட்டைப் பையிலிருந்து பல் செட்டை எடுத்தார். அதை மாட்ட நேரமானது. நர்ஸ் பொறுமையில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"புருஷன் பொண்டாட்டி எப்படி இருப்பாங்களோ, அப்படித்தாம்மா நாங்க ரெண்டு பேரும்" என்றார் பெரியவர். மெதுவாகச் சொல்ல நினைத்திருப்பார் போல. சத்தமாக வந்துவிட்டது.

கஞ்சிக் கரண்டி பாதியில் நின்றது. பெரியவர் காது, கழுத்து எல்லாம் ரத்தமாகச் சிவந்துவிட்டன. நர்ஸ் ஒரு கணம் அவரைப் பார்த்தார், கட்டிலில் இருப்பவரைப் பார்த்தார், பிறகு பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் பெரியவர் கையில் கொடுத்தார்.

"யாரா இருந்தாலும் கட்டில்ல உக்காரக் கூடாது. தையல் பிரிஞ்சிடும். நாற்காலி போட்டுக்கங்க."

சின்னவர் கண்ணைத் திறக்காமலே ஊசி குத்தாத கையைக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தினார். பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டார். அந்த வார்டில் எல்லோரும் பார்த்தார்கள். அவர் கையை விடவில்லை. ஆனால் வெளிச்சம் குறைந்து நான் கிளம்பும்வரை தலையைத் தூக்கி ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை, என் முகத்தைக்கூட.